வீதி விபத்தும் நட்டஈட்டு உரிமையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேவாரமும் திருவாசகமும் ஒலித்த இம்மேடையில் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பற்றிப் பேச வந்து நிற்கும் எம்மைக் கண்டு சிலர் புன்னகை செய்கிறார்கள். சங்கத்துக்கு ஏற்ற விஷயமா இது என்று கேட்பது நியாயந்தான். ஆனால் நம்முடைய சமய வரலாற்றிலேயே வீதி விபத்து வழக்கு ஒன்று இருக்கிறதே! திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் தேரோட்டி வந்தான். பசுவின் கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்தது. அந்தக் குமரனின் பெயரும் வீதிவிடங்கன். மனுநீதிச் சோழன் என்ன செய்தான் என்பது இங்குள்ள சிறுவருக்கும் தெரியும்.

அந்தக் கதையை இன்றைய நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் எழும். முதலாவது, தேரோட்டியவன் கவனயீனமாக ஓட்டினானா? கன்று குறுக்கே துள்ளிப் பாய்ந்தது என்று அரசன் பக்கத்துச் சட்டத்தரணி வாதாடுவார். இரண்டாவது, தேர் யாருடையது? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. மகனைத் தேர்க்காலில் இட்டதால் பசுவுக்குக் கிடைத்தது என்ன? இறைவன் தோன்றிக் கன்றை உயிர்ப்பித்ததால் கதை மங்களமாக முடிந்தது. அது நிகழாதிருந்தால் தண்டனை நிறைவேறியிருக்கும். பசுவோ கன்றை இழந்த பசுவாகவே நின்றிருக்கும். தண்டனை வேறு, நட்டஈடு வேறு. இந்த வேறுபாட்டை அறியாமையால் நம் தோட்டத்து மக்கள் இழந்த பணத்துக்குக் கணக்கே இல்லை.

கினிகத்தேனை எப்படிப்பட்ட இடம் என்று இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவிசாவளையிலிருந்து நுவரெலியா வரை செல்லும் ஏ-7 நெடுஞ்சாலை கித்துல்கலையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறி நமது கடைவீதிக்குள் நுழைகிறது. மழை, பனிமூட்டம், மண்சரிவு, செங்குத்தான பள்ளம். பாதையோரமே நடைபாதை, பாதையோரமே கடை, பாதையோரமே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி. நம் மாவட்டத்தில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். 2023 ஜனவரி 20ஆந் திகதி நானுஓயா ரதல்லைக் குறுக்குப் பாதையில் மாணவரை ஏற்றி வந்த பஸ் வண்டி ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி ஏழு பேர் மாண்டனர். 2024 டிசெம்பர் 21ஆந் திகதி ஹட்டன் மல்லியப்புவில் பஸ் கவிழ்ந்து மூவர் இறந்தனர். 2025 மே 11ஆந் திகதி றம்பொடை கெரண்டி எல்லையில் பள்ளத்தில் வீழ்ந்த பஸ்ஸில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவை பத்திரிகையில் வந்தவை. ஒரு கொழுந்து பறிப்பவளின் கால் முறிந்தால் அது பத்திரிகைக்கு வருவதில்லை.

அப்படி ஒரு கால் முறிந்த கதையைச் சொல்லித்தான் மேலே போகவேண்டும். அதில் எமக்கும் பங்கு உண்டு.

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது லயத்துக்கு அடுத்த லயத்து அக்கா ஒருவர் கடைவீதிக்கு வந்தபோது வானொன்று அவரை மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. இரண்டாம் நாள் வான்காரரின் உறவினர் சிலர் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான், பழங்கள்கூடக் கொண்டு வந்தார்கள். கோடு கச்சேரி என்று அலையாமல் முடித்துக்கொள்வோம் என்று சொல்லி 15,000 ரூபாவை அக்காவின் கணவர் கையில் வைத்தார்கள். "எனக்கு மேற்கொண்டு எந்தவித முறைப்பாடும் இல்லை" என்று சிங்களத்தில் ஒரு கடதாசி எழுதப்பட்டது. லயத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த படித்த பிள்ளை யார் என்று தேடினார்கள். நாம் அப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தோம். வாசித்துப் பொருள் சொன்னோம். சாட்சியாகக் கையொப்பமும் இட்டோம். பெரிய மனிதரைப்போல எம்மை நடத்தியது எமக்குப் பெருமையாகவும் இருந்தது.

அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆகவே அந்தத் தொகை பதினைந்து நாள் பேர். அக்கா மலைக்கு ஏறாமல் இருந்ததோ ஏழு மாதம். மாதம் இருபத்தைந்து நாள் என்று வைத்தால் சம்பளம் மட்டும் 175,000 ரூபா. எலும்புக்குள் வைத்த தகடு சரிப்படாமல் இரண்டாவது சத்திரசிகிச்சை செய்தார்கள். கண்டிக்குப் போய்வந்த செலவு, அடகு வைத்த தோடு, அவரைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் நின்ற மூத்த மகள் எல்லாம் தனிக்கணக்கு. நாம் சட்டம் படிக்கத் தொடங்கிய பிறகு, 2024இல் விடுமுறைக்கு வந்தபோது அவர் நொண்டிக்கொண்டே வந்து கேட்டார்: "தம்பி, நீங்க இப்ப சட்டந்தானே படிக்கிறீங்க. அந்தக் கடதாசிய மாத்தி எழுத வழி இருக்கா?"

நாட்காட்டியை எடுத்து எண்ணினோம். விபத்து நடந்து இரண்டு வருடமும் ஆறு வாரமும் ஆகியிருந்தது.

அந்த ஆறு வாரம் ஏன் முக்கியம்? 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிறர் செய்த தீங்கினால் ஏற்பட்ட நட்டத்துக்கும் காயத்துக்கும் வழக்குத் தொடுக்க வேண்டுமானால், வழக்குரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்கவேண்டும் என்று அதன் 9ஆம் பிரிவு சொல்கிறது. கடதாசியில் கையொப்பம் இட்டிருந்தாலும் அதைப் பற்றி நீதிமன்றத்தில் வாதாட இடமுண்டு. என்ன சூழ்நிலையில், எதைப் புரிந்துகொண்டு கையொப்பமிட்டார் என்று கேட்கலாம். இரண்டு வருடம் கடந்த பின்போ வாதத்துக்கு வாசலே இல்லை. வயது வராத பிள்ளைகளுக்குக் காலக்கணக்கு வேறு விதம். அதை நம்பிப் பெற்றோர் சும்மா இருந்துவிட வேண்டாம். சாட்சி காத்திருக்கமாட்டான்.

இனிச் சட்டத்தின் அடிப்படைக்கு வருவோம். இந்நாட்டில் இவ்வகை வழக்குக்கு ஆதாரம் உரோம-டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்து, ஆங்கிலேயர் கைவிடாது வைத்திருந்த சட்டம் அது. அதன் வேர் ஏறத்தாழ கி.மு. 286இல் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குவிலியாச் சட்டத்தில் இருக்கிறது. அதன் முதல் அத்தியாயம் எதைப் பற்றியது தெரியுமா? பிறருடைய அடிமையையோ, மந்தையில் நிற்கும் நாற்கால் பிராணியையோ கொன்றவன் உடையவனுக்குக் கொடுக்கவேண்டிய ஈட்டைப் பற்றியது. திருவாரூர்க் கன்று உரோமாபுரியில் மாண்டிருந்தால் அதன் சொந்தக்காரனுக்குப் பணம் கிடைத்திருக்கும். அடிமையையும் மாட்டையும் ஒரே வரியில் வைத்த அந்தச் சட்டம் வளர்ந்து வந்து இன்று கொழுந்து பறிப்பவளின் காலுக்கும் விலை கேட்க வழி விட்டிருக்கிறது. பல்கலைக்கழக விரிவுரையில் இதைக் கேட்டபோது எமக்கு உடல் சிலிர்த்தது.

இந்த வழக்கில் காயப்பட்டவர் நிரூபிக்கவேண்டியது சாரதியின் கவனயீனம். வேகம், தவறான பக்கம், மது, கைத்தொலைபேசி, தேய்ந்த டயர் என்று ஏதாவது ஒன்று. வெறும் துரதிர்ஷ்டம் போதாது. சாரதி சம்பளத்துக்கு ஓட்டுகிறவரானால், வேலையின் போக்கில் அவர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. ஆகையால் "சாரதியிடம் ஒன்றும் இல்லை, பாவம்" என்று யாரும் உங்களை அனுப்பிவிட முடியாது. உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால்? முன்னாளில் அதுவே பெருந்தடையாக இருந்தது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு நீதிபதி இருபக்கப் பிழையையும் நிறுத்துப் பார்த்து உங்கள் பங்குக்கு ஏற்றபடி தொகையைக் குறைப்பார், வழக்கையே தள்ளமாட்டார். கன்று குறுக்கே பாய்ந்தாலும் பசுவுக்குப் பாதியாவது உண்டு.

கேட்கக்கூடியவை எவை? வைத்தியச் செலவு, இழந்த சம்பளம், இனி இழக்கப்போகும் உழைப்பு, பட்ட வேதனை, நிலையான அங்கவீனம் ஆகியன. மரணம் நிகழ்ந்தால் அவர் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் வாழ்க்கைச் செலவைக் கேட்கலாம். நெடுங்காலமாக ஒரு குறை இருந்தது. உழைக்காத குழந்தை இறந்தால் பெற்றோரின் துயரத்துக்குச் சட்டத்தில் விலையில்லை. பொருள் நட்டம் காட்டினாற்றான் பணம். 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், ஒருவருடைய மரணத்துக்கு நட்டஈடு பெறுவதற்காகவே இயற்றப்பட்டது, இந்தக் குறையை நீக்கியது. இறந்தவரின் அன்பையும் துணையையும் இழந்ததற்காக நெருங்கிய உறவினரும் இன்று வழக்கிடலாம். இந்தச் சட்டத்தைப் பற்றித் தோட்டப்புறத்தில் நாம் விசாரித்த எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

பணம் யாரிடமிருந்து வரும்? பெரும்பாலும் காப்புறுதிக் கம்பனியிடமிருந்து. பிரித்தானியாவில் 1930இல் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமாயிற்று. நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாந் தரப்புக் காப்புறுதியில்லாத வாகனம் வீதியில் ஓடக்கூடாது. மூன்றாந் தரப்பு என்றால் யார்? கம்பனி ஒரு தரப்பு, வாகனக்காரர் ஒரு தரப்பு, மோதப்பட்ட நீங்கள் மூன்றாந் தரப்பு. ஆகவே வாகனக்காரரின் ஏழ்மையையோ கருமித்தனத்தையோ கண்டு நீங்கள் மனந்தளர வேண்டியதில்லை. அவர் மேல் நீங்கள் பெறும் தீர்ப்பைக் கம்பனி நிறைவேற்றவேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, சட்டத்தரணியிடம் மறவாமல் கேளுங்கள்: வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்து ஏழு நாளைக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தீர்ப்பு உங்கள் கையில் இருக்கும், பணம் கம்பனியிடமே இருக்கும்.

இந்நாளில் விபத்து நடந்த சற்று நேரத்தில் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார், படம் எடுக்கிறார், உடைந்த பம்பருக்கு அந்த இடத்திலேயே விலை பேசுகிறார். மக்கள் வியந்து பார்க்கிறார்கள். அது வாகனத்துக்கான கணக்கு. உடைந்த எலும்புக்கு விலை பேச யாரும் மோட்டார் சைக்கிளில் வருவதில்லை; அதற்கு நாமேதான் மணியடிக்கவேண்டும்.

மணியடிப்பது எப்படி? முதலில் பொலிஸ் முறைப்பாடு. மோதிய சாரதி நிறுத்தி உதவி செய்து பொலிசுக்கு அறிவிக்கவேண்டியது அவருடைய சட்டக் கடமை. நீங்கள் உங்கள் பக்கத்து வாக்குமூலத்தைத் தனியே கொடுங்கள். வாகன இலக்கத்தை உடனே எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். விளங்காமல் கையொப்பம் வேண்டாம். அம்பகமுவ இருமொழி நிர்வாகப் பிரிவு. தமிழில் கருமம் ஆற்றுவது நமக்கு எவரும் இடும் பிச்சை அன்று. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். வைத்தியசாலையில், வட்டவளையோ டிக்கோயாவோ நாவலப்பிட்டியோ எங்கே போனாலும், காயம் வீதி விபத்தால் ஏற்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லும்படி யாராவது காதில் ஓதினால் அவர் உங்கள் நண்பர் அல்லர். நோய் நிர்ணயச் சீட்டு, மருந்துக் கடைப் பற்றுச்சீட்டு, பஸ் டிக்கட், சம்பளச் சீட்டு ஆகிய அனைத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். நமது லயங்களில் சம்பளச் சீட்டு அடுப்பு மூட்டப் பயன்படுகிறது. உழைப்பை நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீதவான் நீதிமன்றத்தில் பொலிசார் சாரதிமேல் தொடுக்கும் வழக்கு ஒன்று நடக்கும். கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறை விதிக்கலாம். அங்கே நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை கொடுக்கும்படி கட்டளையிடவும் கூடும். பலர் அதையே நட்டஈடு என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். அன்று! முழு நட்டத்துக்கான வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில், நீங்களே தொடுக்கவேண்டிய தனி வழக்கு. பொலிசார் உங்களுக்காக அதைத் தொடுக்கமாட்டார்கள். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இரண்டு வருடத்தைத் தொலைத்தவர்களும் உண்டு.

வேலையோடு சம்பந்தப்பட்ட விபத்தானால் இன்னொரு வழி இருக்கிறது. கொழுந்து ஏற்றும் லொறியில், டிராக்டரில், வேலைத்தலத்தில் நடந்தது எதுவானாலும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதை ஆளும். அங்கே முதலாளியின் பிழையை நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்று காட்டினாற் போதும். 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் சேர்த்தது. உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. விண்ணப்பம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு. ஆனால் முதலாளிக்கு எதிராக நீதிமன்ற வழக்கையும் இந்த நட்டஈட்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. எது நல்லது என்று முதலில் ஆலோசனை கேட்கவேண்டும். மோதிவிட்டு ஓடிவிட்ட வாகனம் அகப்படவில்லையென்றால் வீதிப் பாதுகாப்புத் தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பார்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. அதை விட்டுவிட்டு வைத்தியசாலை வாசலில் நின்று "நான் எடுத்துத் தருகிறேன், பாதி எனக்கு" என்று கைநாட்டு வாங்கும் தரகர்களிடம் போகிறோம்.

வழக்கு நீளும் என்பதை நாம் மறைக்கவில்லை. பக்கத்து இந்தியாவில் 1956இலேயே மோட்டார் விபத்துகளுக்கென்று தனித் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டம் செய்தார்கள். நியூசிலாந்தில் 1974 முதல் யார் பிழை என்று கேளாமலே காயப்பட்டவருக்கு அரசாங்க நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். நமக்கோ மாவட்ட நீதிமன்றமும் நீண்ட தவணைகளுந்தான். ஆனால் ஒழுங்கான ஆவணங்களோடு கோரிக்கைக் கடிதம் போனால் பல கம்பனிகள் வழக்குக்கு முன்பே இணக்கத்துக்கு வரும். இணக்கம் தவறன்று. காயம் ஆறுமுன், வைத்தியர் முடிவு சொல்லுமுன், இரண்டாம் நாளே செய்யும் இணக்கந்தான் தவறு.

"எல்லாம் விதி, தலையெழுத்து" என்று பெரியவர்கள் சொல்வதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் தாய்ப்பசு விதியென்று திரும்பிப் போகவில்லையே! நாம் படித்த மிஷன் பாடசாலையில் நல்ல சமாரியன் கதையை ஆண்டுதோறும் நடிப்போம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அந்நியன் ஒருவன் தூக்கிச் சென்று சத்திரத்தில் சேர்த்தான். அவன் கையிலிருந்ததைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. மேற்கொண்டு ஆகும் செலவை மறுமுறை வரும்போது தருவதாகவும் சத்திரக்காரனிடம் சொன்னான். அந்த இரண்டாவது வாக்குத்தான் எம் மனத்தில் இப்போது நிற்கிறது. காயத்தின் செலவு முதல் நாளோடு முடிவதில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது; பதினைந்தாயிரத்துக்குச் சாட்சி வைத்த எமக்குத் தெரிந்திருக்கவில்லை.

சங்கத்தார் கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சொல்வோம். தேர்த் திருவிழாவுக்கும் தீர்த்தத்துக்கும் நாமே சாமான் லொறி பிடித்துத் தப்போடும் காவடியோடும் ஆண்பிள்ளைகளை ஏற்றி இந்த வளைவுகளில் அனுப்புகிறோம். சாமான் ஏற்றும் லொறியின் காப்புறுதி, மேலே நிற்கும் ஐம்பது பேரையும் கருதிச் செய்யப்பட்டதா என்று எவராவது கேட்டதுண்டா? கட்டணம் கொடுத்து ஏறும் பஸ் பிரயாணியையும் லொறியில் தொற்றி ஏறியவரையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. வருகிற ஆண்டு பஸ் பிடிக்கத் தீர்மானம் நிறைவேற்றும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். செலவு கூடும், ஆளுக்கு நூறு ரூபா கூடுதலாக நாமே வசூலித்துத் தருகிறோம்.

அந்த அக்கா இப்போது மலைக்கு ஏறுவதில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் கைவேலை செய்கிறார். எம்மைக் கண்டால் முன்போலவே தேநீர் தருகிறார். கடதாசியைப் பற்றி மறுபடி அவர் பேசவில்லை.

செயலாளர் அனுமதி தந்திருக்கிறார். விடுமுறை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசைக்குப் பின் சங்க அறையில் நாமும் இரண்டு நண்பர்களும் இருப்போம். முறைப்பாட்டுக் கடிதம், விண்ணப்பம், சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கடிதம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருவோம். வரும்போது பிஸ்கட் டின்னைக் கொண்டுவாருங்கள். யாராவது கையொப்பம் கேட்டு ஒரு கடதாசியை நீட்டியிருந்தால், கையொப்பம் இடுமுன் அதையும் கொண்டுவாருங்கள்.